ஒரு கார்டு, இரண்டு குச்சி

"ஏழாயிரத்து ஐந்நூறு. பில் இருக்கு" என்றார் ஸ்டூடியோக்காரர்.

காணாமல் போன பொருளின் விலை என்ன என்றுதான், துப்பறியும் வேலையில் எனக்கு முதலாளியான மேடம் கேட்டிருந்தார். காணாமல் போயிருந்தது அவர் மனைவியின் குரல்.

நான் பாத்திரக்கடை வீட்டில் பிறந்தவன். ஓட்டைக் குடத்தைக்கூட தராசில் ஏற்றாமல் விடாத குடும்பம். ஆனாலும் ஒரு குரலுக்கு பில் போட்டு இதுவரை நான் பார்த்ததில்லை.

"வரி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டேன்.

"வாயாடி, கொஞ்சம் மூடு" என்றார் மேடம். அதில் கோபம் இல்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாத ஒரு நாள் அது. காலையில் போன வீட்டில், களவு போன மோதிரம் வாஷிங் மெஷின் குழாய்க்குள் இருந்தது. அடுத்த வீட்டில், கடத்தப்பட்ட பூனை எதிர் வீட்டு சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. இது மூன்றாவது. லிஃப்ட் பழுது, நாலாவது மாடி, வெளியே மழை. மேடத்தின் முட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு புகார் கொடுத்தபடியே மேலே வந்திருந்தது.

வாசலில் செருப்பு அலமாரியின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். நாலு நாள் தாடி, மடியில் ஒரு டூல்ஸ் பை. எங்களைப் பார்த்ததும் எழுந்தான். அவனை உள்ளே வரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"அவன்தான்" என்றார் ஸ்டூடியோக்காரர், கதவைச் சாத்தாமலே. "என் மச்சினன். கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன். எடுத்தது அவன்தான்."

"மாமா, ஒரே ஒரு தடவை மெஷினைப் பார்க்க விடுங்க..."

"எதுக்கு? தடயத்தை அழிக்கவா?"

உள்ளே ஒலிப்பதிவு அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி கறுப்பு ஸ்பாஞ்சு. தரைவிரிப்பில் ஈர வாசனை. மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி. அதன் பக்கவாட்டு மூடியில் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் பச்சை மையில் கையெழுத்து.

"சீல் வெச்சிருக்கேன்" என்றார் பெருமையாக. "போலீஸ் வந்து பிரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. அஞ்சரைக்கு ஸ்டேஷனுக்குப் போறேன். அதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சா சரி, இல்லேன்னா அவன் உள்ள போறான். உங்களைக் கூப்பிடச் சொன்னதே இவதான்."

'இவ' என்றது மூலையில் சாய்வு நாற்காலியில் இருந்த அவர் மனைவியை. வானொலி அறிவிப்பாளர். கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணி; ஒரு மாதம் முன்பு தொண்டையில் அறுவை சிகிச்சை. இனிப் பேச்சு வராது. அது முன்பே தெரிந்ததால், கத்தி படுவதற்கு முன் பல வாரம் இதே அறையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்து வைத்திருந்தார். ஒரு கம்பெனி அதை வாங்கிப் போய், அவர் போனில் தட்டுவதையெல்லாம் அவருடைய குரலிலேயே பேசுகிற கருவி ஒன்றைச் செய்யப் போகிறது. கம்பெனி ஆள் நாளைக் காலை வருகிறார். கொடுக்க வேண்டிய குரல் இல்லை.

"வேற எங்கயும் ஒரு பிரதி எடுத்து வைக்கலையா?" என்றார் மேடம்.

"எதுக்குங்க? என் பொண்டாட்டி குரலை எவனாவது வெச்சுக்கிட்டு எவனுக்காவது போன் பண்ணி ஏமாத்தவா? காலம் கெட்டுக் கிடக்கு. ஒண்ணே ஒண்ணுதான். அதான் பத்திரம்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இவன் போன ஞாயிற்றுக்கிழமை வந்து, எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுங்க மாமான்னு கேட்டான். முடியாதுன்னேன். முகத்தைத் தூக்கிக்கிட்டே பெட்டியைத் திறந்து தூசி தட்டிட்டுப் போனான். புதன்கிழமை கம்பெனிக்காரன் போன் பண்றான், போய்ப் பார்க்கறேன், குரல் இருந்த டிரைவே இல்லை. நீங்களே சொல்லுங்க."

அறிவிப்பாளர் போனில் எதையோ தட்டி எங்கள் பக்கம் திருப்பினார். *என் தம்பி எடுத்திருந்தா என்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுப்பான். சின்ன வயசுலயும் அப்படித்தான்.*

"இவ எப்பவும் அவன் கட்சி" என்றார் கணவர்.

தன் கழுத்தில் கயிற்றில் தொங்கிய வெள்ளைப் பொத்தானை அழுத்தினார் அறிவிப்பாளர். வீடே அதிர்கிற மாதிரி எங்கோ ஒரு மணி அடித்தது. பக்கத்திலேயே நின்றிருந்த கணவர் துள்ளிவிட்டார்.

"நான் இங்கதானேம்மா நிக்கறேன்!"

*தெரியும். டீ போடுங்க. வந்தவங்க நனைஞ்சிருக்காங்க.*

அவர் போனார். மேடம் ஒரு நாற்காலியில் விழுந்தார். 'உட்கார்ந்தார்' என்று எழுதினால் அது மரியாதைக்காகத்தான்.

"கூப்பிடு அந்தத் தம்பியை."

மச்சினன் உள்ளே வந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான், எதையும் தொட மாட்டேன் என்று காட்ட.

"என்ன பண்ணி வெச்சிருக்கே இதுக்குள்ள? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நான் இன்னைக்கு அரை மூளைதான் கொண்டுவந்திருக்கேன்."

"பழைய மதர்போர்டு மேடம். இந்தக் காலத்து எஸ்.எஸ்.டி. டிரைவ் சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும், குச்சின்னுதான் நாங்க சொல்லுவோம். அதைப் போட இந்த போர்டுல இடமே கிடையாது. ஆனா நீளமா ஒரு ஸ்லாட் சும்மா கிடந்துச்சு. அதுல ஒரு எக்ஸ்பான்ஷன் கார்டைச் சொருகி, கார்டு மேல ரெண்டு குச்சி போட்டேன். ஒண்ணு மாமாவோட வேலைக்கு. இன்னொண்ணு அக்காவுக்கு."

"ஒரு கடையை வாடகைக்குப் பிடிச்சு, நடுவுல தட்டி வெச்சு ரெண்டு கடையா நடத்தற மாதிரி" என்றேன்.

அவன் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம். "அதேதான் சார். ஆனா தட்டி வெச்சிருக்கோம்னு போர்டுகிட்ட சொல்லி வைக்கணும். பயாஸ்ல, அதாவது மெஷின் கண் திறந்ததும் முதல்ல படிக்கற குறிப்புல, ஒரு செட்டிங். சொல்லலைன்னா அது முதல் கடையை மட்டும்தான் பார்க்கும். ரெண்டாவது கடைக்காரன் உள்ளேயே உட்கார்ந்து கத்தினாலும் அதுக்குக் கேக்காது."

"அந்த செட்டிங் போயிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் முதல்ல நினைச்சேன். ஆனா போக வழியில்லை மேடம். அதை ஞாபகம் வெச்சுக்க போர்டுல ஒரு வட்டப் பேட்டரி இருக்கும், நாணயம் மாதிரி. பழசு பலவீனமா இருந்துச்சு, ஞாயிற்றுக்கிழமை மாத்திட்டேன். மாத்தின கையோட செட்டிங்கையும் போட்டு, ரெண்டு டிரைவும் வருதான்னு பார்த்துட்டுத்தான் மூடினேன். மாமாவும் பக்கத்துல நின்னு பார்த்தார். இத்தனூண்டு பேட்டரிக்கு ஒரு செலவான்னு திட்டிக்கிட்டே."

"புது பேட்டரிதானா? இல்ல, வேற மெஷின்ல கழட்டினதா?" என்றேன். பழக்க தோஷம்.

"புதுசு சார். நான் போடற எந்த சாமான்லயும் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். அக்கா நெயில் பாலிஷ்தான். இல்லேன்னா வேற கடைச் சரக்கைக் கொண்டுவந்து, நீ போட்டதுதான், கேரண்டி குடுன்னு சண்டைக்கு நிப்பாங்க."

எனக்கு அவனைப் பிடித்துப்போனது. எங்கள் அப்பாவும் குடத்தின் அடியில் ஒரு கீறல் போட்டுத்தான் விற்பார்.

டீ வந்தது. கூடவே ஸ்டூடியோக்காரரும் வந்தார். மச்சினனுக்கு மட்டும் டம்ளர் இல்லை. அவன் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தான். அக்கா தன் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். அவன் எடுக்கவில்லை.

"மெஷினைப் போட்டுக் காட்டுங்க. பெட்டியைத் திறக்க வேண்டாம்" என்றார் மேடம்.

ஸ்டூடியோக்காரர் முதலில் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார்.

"தினமும் சுவர்லயே அணைச்சிடுவீங்களா?"

"பின்னே? தூங்கற மெஷினுக்கு எதுக்குங்க கரண்ட்?"

திரை கறுப்பாக வந்து, வெள்ளை எழுத்தில் ஏதோ நீளமாகச் சொன்னது. அவர் படிக்காமலே ஒரு விசையைத் தட்டி அதை விரட்டினார்.

"என்ன சொல்லுது அது?"

"யாருக்குத் தெரியும்? நாலஞ்சு நாளா ஆன் பண்ணினா ஏதோ இங்கிலீஷ்ல திட்டுது. ஒரு தட்டு தட்டினா அடங்கிடும்."

டிரைவ்களின் பட்டியல் வந்தது. மெஷினோடு பிறந்த பழைய டிஸ்க் ஒன்று. வேலைக்கான குச்சி ஒன்று. அவ்வளவுதான். "பார்த்தீங்களா?" என்பது போல அவர் இரண்டு கைகளையும் விரித்தார்.

மேடம் கைப்பையில் முட்டி வலி மாத்திரையைத் துழாவினார். "மணி என்ன? நாலு ஆனாத்தான் போடணும்."

நான் திரையின் மூலையைப் பார்த்தேன். "நள்ளிரவு தாண்டி மூணு நிமிஷம், மேடம்."

"என்னது?"

"வருஷத்தைப் பார்த்தா, நமக்கு இன்னும் முட்டி வலியே ஆரம்பிக்கலை. இந்தக் கடிகாரம் நம்மைவிட அசந்து போயிருக்கு."

"இதுக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் கிடையாது" என்றார் ஸ்டூடியோக்காரர். "வைரஸ் வரும்னு நான்தான் குடுக்கலை. மணி தப்பாத்தான் காட்டும். நாமளா திருத்தணும்."

மேடம் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். விழுங்கவும் இல்லை, திரும்ப டப்பாவில் போடவும் இல்லை. இவரோடு எட்டு வருஷம் படியேறினவன் நான். இந்த மாதிரி அவர் நிற்கிற இடத்தில்தான் எனக்கு சம்பளம் என்று தெரியும்.

"தம்பி, மெஷின் மணியை ஞாபகம் வெச்சுக்கறது யாரு?"

"அதே வட்டப் பேட்டரிதான் மேடம்" என்றவன் நிறுத்தினான். திரையைப் பார்த்தான். வாய் பாதி திறந்தபடி இருந்தது. "ஆனா... புதுசு. நான்தான் போட்டேன்."

"புதுப் பேட்டரி இருக்கற மெஷினுக்கு வருஷம் மறக்குமா?"

"மறக்காது."

"அப்போ?"

மேடம் குனிந்து, பச்சை மைக் கையெழுத்துகளை நகத்தால் கீறிக் கிழிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ! சாட்சியம்!" என்று பதறினார் ஸ்டூடியோக்காரர்.

"சாட்சியம் உள்ள இருக்கு, நீங்க அது வாயைக் கட்டி வெச்சிருக்கீங்க. சுவிட்சை அணைங்க."

மூடி கழன்றது. நான் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். தடித்த அலுமினியத் தகடு போர்த்திய ஒரு கார்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பாளம். மச்சினன் மேடத்தைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். அவன் தரையில் மண்டியிட்டு, குட்டித் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தகட்டைத் தூக்கினான்.

இரண்டு குச்சி. இரண்டிலும் சிவப்புப் புள்ளி.

ஸ்டூடியோக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கு சந்தோஷப்படத்தான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் நாலு நாள் வளர்த்த கோபம், அவ்வளவு சீக்கிரம் இடத்தைக் காலி செய்யாது. "அப்போ உள்ள இருக்கறதை அழிச்சிருக்கான். இல்ல, வேற வெத்துக் குச்சியை மாத்தி வெச்சிருக்கான்."

"கொஞ்சம் கீழே பாருங்க" என்றார் மேடம்.

போர்டின் ஓரத்தில் ஒரு வட்டக் குழி. நாணயம் போடுகிற அளவு. காலி.

மச்சினன் அதைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "பேட்டரியைக் காணோம்" என்றான். "மாமா, சத்தியமா, அதையும் நான் எடுக்கலை."

இந்த இடத்தில் ஸ்டூடியோக்காரர் ஒரு கூச்சல் போட்டிருக்க வேண்டும். பேட்டரியையும் விட்டு வைக்கலையாடா என்று. போடவில்லை. டீ டம்ளரையே பார்த்தார். அப்பாவின் கடையில் நான் கற்றது ஒன்று உண்டு: விலை கேட்டுச் சத்தம் போடுகிறவன் திடீரென்று அமைதியானால், சரக்கு ஏற்கனவே அவன் பைக்குள் இருக்கிறது.

மேடம் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அறிவிப்பாளர் பக்கம் திரும்பினார். "அம்மா, இந்த மணி உங்களுக்கு எப்பவும் சரியா அடிக்குதா?"

அவர் தட்டினார். *திங்கட்கிழமை ராத்திரி அடிக்கலை. தொண்டையில சளி அடைச்சு மூச்சு வரலை. அழுத்தி அழுத்திப் பார்த்தேன். கடைசியில சுவத்தைத் தட்டினேன். அப்புறம்தான் ஓடி வந்தார். அன்னைக்கே புது பேட்டரி போட்டுட்டார்.*

"அந்நேரத்துல எந்தக் கடை திறந்திருந்துச்சு?" என்றேன்.

அம்மா மெதுவாகக் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். வெள்ளைப் பொத்தானைத் தன் கணவரிடம் கொடுக்காமல் மேடத்தின் கையில் வைத்தார். மேடம் ஒரு காசை வைத்து மூடியைத் திருகினார். வட்டப் பேட்டரி உள்ளங்கையில் விழுந்தது.

அதன் முதுகில், அறிவிப்பாளரின் நகப்பூச்சில், ஒரு சிவப்புப் புள்ளி.

"அது வாட்ச் பேட்டரிங்க" என்றார் ஸ்டூடியோக்காரர். அப்படி ஒரு சின்னக் குரல் அவரிடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "கரண்ட்ல ஓடற மெஷினுக்குள்ள வாட்ச் பேட்டரிக்கு என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை இவன் போடும்போது பார்த்தேன், மணியில இருக்கறதும் அதே நம்பர். அவ முகம் நீலமா போயிருந்துச்சு. அன்னைக்கு எது கைக்குக் கிடைச்சிருந்தாலும் எடுத்திருப்பேன். மறுநாள் மெஷின் நல்லாத்தான் ஓடுச்சு. அதனால அதை மறந்தே போயிட்டேன்."

"சுவர் சுவிட்சை அணைக்காம இருந்திருந்தா, பேட்டரி இல்லாமலே செட்டிங் நின்னிருக்கும் மாமா" என்றான் மச்சினன், தரையிலிருந்தே. குத்திக்காட்டவில்லை, தொழில்காரன் வாய், சும்மா இருக்காது. "பேட்டரியும் இல்லை, கரண்டும் இல்லைன்னா அது தினமும் புதுசா பிறக்குது. தட்டி வெச்சது ஞாபகம் இருக்காது."

"நீ பேசாதே" என்றார் அவர், வழக்கம்போல. பிறகு, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல், "இல்ல... பேசு" என்றார்.

பேட்டரி அதன் குழிக்குப் போனது. தகடு மூடியது. சுவிட்ச் விழுந்தது. கறுப்புத் திரை இந்த முறையும் திட்டியது, ஒரே முறை. மச்சினன் அதை முழுசாகப் படித்து, பயாஸுக்குள் போய், முதலில் மணியைத் திருத்தினான். பிறகு பட்டியலில் கீழே கீழே இறங்கி ஒரு வரியில் நின்றான். முழுப் பாதையும் ஒரே ஆளுக்கு என்றிருந்ததைப் பாதிப் பாதியாக மாற்றினான். சேமித்தான்.

மெஷின் எழுந்து வருகிற நேரத்தில் நாலு பேரும் ஒரே மாதிரி குனிந்திருந்தோம். நாற்காலியில் இருந்த அம்மா மட்டும் திரையைப் பார்க்கவில்லை. கணவரையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய டிஸ்க். வேலைக் குச்சி. அதற்குக் கீழே, மூன்றாவதாக, 'அக்கா' என்ற பெயரில் ஒன்று.

"நீங்களே திறங்க மாமா" என்றான் அவன்.

ஸ்டூடியோக்காரர் அதைத் திறந்து, நடுவில் ஒரு கோப்பைத் தட்டினார். பிறகு அந்த அறையில், ஸ்பாஞ்சுச் சுவர்களுக்கு நடுவில், ஒரு பெண் பேசினார். தெளிவான, கொஞ்சம் கிண்டல் தொனிக்கிற குரல். "வாக்கியம் முன்னூத்தி ரெண்டு. குடையை மறந்துட்டுப் போகாதீங்க. வாக்கியம் முன்னூத்தி மூணு. எனக்கு ஒண்ணும் இல்லை, நீங்க போய்த் தூங்குங்க."

ஸ்டூடியோக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மச்சினன் ஜன்னல் பக்கம் போய், நின்றுபோன மழையை ரொம்ப கவனமாகப் பார்த்தான்.

அம்மா தட்டினார். போனைத் திருப்பினார். *இந்தப் பொம்பளை ரொம்பப் பேசறா.*

முதலில் சிரித்தது மேடம்தான். சிரித்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினார். திரையில் மணி இப்போது நாலே கால்.

கழற்றி வைத்த வெள்ளைப் பொத்தான் மேஜைமேல் வாய் பிளந்து கிடந்தது. "இதுக்கு ஒரு பேட்டரி வேணுமே" என்று ஸ்டூடியோக்காரர் கிளம்பப் பார்த்தார். ஆனால் மனைவியை விட்டு ஒரு அடி நகர அவருக்கு மனசு இல்லை. நான் இறங்கி முக்குக் கடையில் வாங்கி வந்தேன். ஒன்று கேட்டால் முழு விலை. ரெண்டு வாங்கினால் விலையைக் குறைப்பான். பேசி மூணாக வாங்கினேன்.

திரும்ப வந்தபோது மச்சினன் கையில் ஒரு டீ டம்ளர் இருந்தது. யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்கு எழுதி வைத்திருந்த புகார் மனு நாலாக மடிந்து, மேஜையின் ஆடுகிற கால் ஒன்றுக்கு அடியில் அண்டை கொடுக்கப் போயிருந்தது. நாங்கள் கிளம்பும்போது ஸ்டூடியோக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்ளே" என்றார். "உன்கிட்ட... வெறும் குச்சி ஒண்ணு இருக்குமா? பெரிய சைஸா?"

"இருக்கு மாமா."

"ஒண்ணு உனக்கு எடுத்துக்கோ. அக்கா குரலை. அப்படியே இன்னொண்ணு எனக்கும் வேற இடத்துல வைக்கணும். ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கறது பத்திரம் இல்லை போல."

மன்னிப்பு என்ற வார்த்தை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது.

படியில் இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமை என்பது மேடத்தின் முட்டியின் கருத்து. மூன்றாவது மாடியில் நின்றோம்.

"இன்னைக்குக் கணக்கை முடிச்சிடலாமா?" என்றேன். "போட்ட குச்சி ரெண்டு, இருக்கற குச்சி ரெண்டு. எடுத்த பேட்டரி ஒண்ணு, வெச்சது ஒண்ணு. மூணு வீடு ஏறினோம், திருடன் பூஜ்யம். எல்லாம் நேராயிடுச்சு."

"மன்னிப்பு?"

"ஒண்ணு வரவேண்டியது. வரலை. தள்ளுபடி பண்ணிடட்டுமா?"

மேலே மணி அடித்தது. வீடு அதிர்கிற அதே சத்தம். உடனே ஒருவர் ஓடுகிற காலடி. அதை ஒட்டியே இன்னொருவர் ஓடுகிற காலடி. இரண்டும் எதிலோ மோதிக்கொண்டன. "பார்த்து மாமா!" "நீ பார்த்துடா!"

மேடம் கைப்பிடியில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"எங்க கடையில" என்றேன் நான், "கணக்கைச் சுத்தமா முடிச்சுட்டுப் போனவன் அடுத்த வருஷம் வேற கடைக்குப் போயிருவான். கொஞ்சம் பாக்கி வெச்சவன்தான் திரும்பத் திரும்ப வருவான்."

"அப்போ தள்ளுபடி பண்ணாதே" என்றார் மேடம், அடுத்த படிக்குக் காலைத் தேடிக்கொண்டே. "மன்னிப்பு ஒண்ணு, நிலுவைன்னு போடு."